நிற்கும்போதே நாடி பார்ப்போம்



இல்லத்துப் பொருள்களைப் பேணும் முறைகளை இப்பகுதியில் அவ்வப்போது கூறி வருகிறோம். இத்திங்கள் பழைய காரைப் பற்றிக் கூற எண்ணுகிறோம். கார் என்றதும், ‘இது செல்வர்க்குரிய பேச்சு’ என்று யாரும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். தந்தை வாங்கியதை விற்க மனமின்றியும், புதியது வாங்கப் பொருளின்றியும் பழைய காரை வைத்திருப்போர் நம்மிடையே பலர் உளர். அம்பாசிடர் கார்களின் உற்பத்தி 2014ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது; பத்மினி அதற்கும் முன்னரே விடைபெற்றது. ஆயினும் அக்காலத்து வண்டிகள் இன்றும் சில வீடுகளில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. நம் வீட்டிலும் ஒன்று உண்டு.

அந்த வண்டிக்கு ஒரு விசித்திரமான நோய் வந்தது. காலையில் ஒரே திருகலில் கிளம்பும். ஒரு மணி நேரம் குறையின்றி ஓடும். பிறகு, யாரோ சாவியை அணைத்தது போல இயந்திரம் திடீரென்று நின்றுவிடும். எத்தனை முறை செல்ஃப் அடித்தாலும் கிளம்பாது. அரை மணி கழித்து ஒன்றும் நடவாதது போல ஓடத் தொடங்கும். பட்டறைக்குக் கொண்டுபோனாலோ, அங்கே அது நிற்பதே இல்லை!

ஓடுகிற வண்டியில் குறையைக் காண்பது எப்படி? பட்டறைக்காரர் ஊகத்தின் பேரில் பிளக்குகளை மாற்றினார். பின்பு காண்டாக்ட் பாயிண்ட், அதன்பின் கண்டென்சர் என்று ஒவ்வொன்றாய் மாற்றினார். கார்புரேட்டரையும் கழற்றித் துடைத்தார். ஒவ்வொரு முறையும் ‘இனி நிற்காது’ என்று மகிழ்ந்து வந்தோம். ஒவ்வொரு முறையும் ஏழெட்டு நாளில் நின்றது. செலவு ஏறிற்று, நோய் தீரவில்லை.

ஒருநாள் நண்பகலில் திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குப் போகும் வழியில் வண்டி நின்றது. உடன் வந்த உறவினர் ஒருவர், “சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிவிடுகிறது, பம்பின் மேல் ஈரத்துணி போடுங்கள்” என்றார். போட்டோம். சற்று நேரத்தில் வண்டி கிளம்பிற்று. நோய் இன்னதென்று கண்டுகொண்டோம் என்றே நம்பினோம். அன்றுமுதல் ஒரு துணியும் ஒரு குடம் தண்ணீரும் காரின் நிரந்தரப் பயணிகள் ஆயின.

அந்த நம்பிக்கை உடைந்தது ஒரு ரயில்வே கேட்டில். வயது முதிர்ந்த அன்னையாரும் இரு பிள்ளைகளும் வண்டியில் இருந்தனர். தண்டவாளத்தின் மேல் ஏறியதும் இயந்திரம் நின்றது. அன்னையாரையும் பிள்ளைகளையும் இறக்கி அப்பால் அனுப்பிவிட்டு, பின்னால் வந்த வண்டிக்காரர்களின் துணையோடு தள்ளிக் கடந்தோம். ரயில் வருவதற்கு நேரம் இருந்தது. ஆகவே தீங்கொன்றும் நேரவில்லை. ஆனால் அன்றிரவு நம் வீட்டில் எவருக்கும் உறக்கம் வரவில்லை. இந்த வண்டியை முற்றிலும் குணப்படுத்துவது, இயலாவிடில் விற்றுவிடுவது என்று முடிவு செய்தோம்.

விற்பதற்கு முன் முதிய மெக்கானிக் ஒருவரிடம் காட்டினோம். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. “ஐயா, வண்டி எப்படி நிற்கிறது?” என்றுதான் முதலில் கேட்டார். இருமி, குலுங்கி, வலுவிழந்து நிற்கிறதா? அல்லது ஒரே நொடியில் அணைந்துவிடுகிறதா? இருமி நின்றால் பெரும்பாலும் பெட்ரோல் குறைவு. நொடியில் அணைந்தால் பெரும்பாலும் தீப்பொறிக் குறைவு. இரண்டாம் கேள்வி: நின்றபின் சாவி போட்ட நிலையில் டாஷ்போர்டின் சிவப்பு விளக்கு எரிகிறதா? விளக்கும் எரியாமல், பெட்ரோல் முள்ளும் அசையாமல் இருந்தால் சாவி சுவிட்சிலோ, பாட்டரி முனையிலோ இணைப்பு தளர்ந்திருக்கக்கூடும். கனத்த சாவிக்கொத்தைத் தொங்கவிடுவதாலேயே சுவிட்சு தேய்ந்துபோவதும் உண்டு. மூன்றாம் கேள்வி: மீண்டும் கிளம்ப எத்தனை நிமிடம் ஆகிறது?

முதற் கேள்விக்கு மட்டுமே நம்மால் விடை கூற முடிந்தது. மற்ற இரண்டையும் நாம் கவனித்ததே இல்லை. பம்பின் மேல் ஈரத்துணி போட்டுக் கிளம்பிய கதையைச் சொன்னோம். அவர் சிரித்தார். “துணியைப் போட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள்?” என்று கேட்டார். எண்ணிப் பார்த்தால் ஏறத்தாழ அரை மணி! துணி போடாமல் இருந்தாலும் அதே நேரத்தில்தான் கிளம்பியிருக்கும். குணப்படுத்தியது காலம், பெயர் வாங்கியது துணி.

வாசகர்களே, விட்டுவிட்டு வரும் குறையின் சூழ்ச்சி இதுதான். அது தானாகவே நீங்குவதால், அந்நேரத்தில் நாம் எதைச் செய்திருந்தாலும் அதுவே மருந்து என்று தோன்றிவிடுகிறது. புதிய பிளக்கும் அப்படியே, துடைத்த கார்புரேட்டரும் அப்படியே. “காய்ச்சல் விட்டபின் நாடி பார்த்து என்ன பயன்? நிற்கும்போதே பாருங்கள்” என்றார் அந்தப் பெரியவர். ஒரு சிறு குறிப்பேட்டை வண்டியில் வைக்கச் சொன்னார். 12 வோல்ட் பல்பு ஒன்றில் இரு கம்பிகளைப் பொருத்தித் தந்து, சோதிக்கும் முறையையும் கற்பித்தார்.

அம்முறையை விளங்கிக்கொள்ள, தீப்பொறி பிறக்கும் விதத்தை அறிதல் நலம். பாட்டரி தருவது 12 வோல்ட் மட்டுமே. அதைப் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்துவது இக்னிஷன் காயில். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் காண்டாக்ட் பாயிண்ட் திறக்கும் ஒவ்வொரு முறையும் காயிலில் ஒரு தீப்பொறி மின்சாரம் எழுகிறது. நான்கு சிலிண்டர் இயந்திரம் நிமிடத்திற்கு 3,000 சுற்றுச் சுற்றினால், நொடிக்கு 100 தீப்பொறிகள் தேவை. காயிலின் உள்ளே மயிரிழை போன்ற கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகளாய்ச் சுற்றப்பட்டிருக்கிறது. முதுமையால் அதன் காப்பு நலிந்திருந்தால் குளிர்ந்த நிலையில் வேலை செய்யும். சூடேறினால் மின்சாரம் உள்ளேயே கசிந்துவிடும். ஆறினால் மறுபடியும் வேலை செய்யும்.

அடுத்த மூன்று தடவைகளும் குறிப்பேட்டில் ஏறின. மூன்றிலும் ஒரே செய்தி: ஓடியது ஒரு மணிக்கு மேல், வெயில் நேரம், நொடியில் அணைந்தது, சிவப்பு விளக்கு எரிந்தது, கிளம்ப 25 முதல் 30 நிமிடம். நான்காம் முறை நின்றபோது வண்டியைச் சாலையின் ஓரத்தில் உருட்டி நிறுத்தி, குடும்பத்தாரை மரநிழலுக்கு அனுப்பிவிட்டு, உடனே பானெட்டைத் திறந்தோம்.

பல்பின் ஒரு கம்பியைக் காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குச் செல்லும் சிறு முனையிலும், மற்றதை இயந்திரத்தின் இரும்பிலும் வைத்தோம். செல்ஃப் அடிக்கையில் பல்பு மின்னி மின்னி எரிந்தது. அதாவது, காயில்வரை மின்சாரம் வருகிறது; பாயிண்டும் திறந்து மூடுகிறது. பல்பு மின்னாமல் எரிந்துகொண்டே இருந்தால் பாயிண்ட் மூடவில்லை, அல்லது அதற்குச் செல்லும் சிறு கம்பி உறைக்குள்ளேயே முறிந்திருக்கிறது என்று பொருள். அடுத்து, காயிலின் நடு முனையிலிருந்து வரும் தடித்த கம்பியை டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலிருந்து எடுத்து, உலர்ந்த மரக் கிளிப்பால் பிடித்து, இரும்பிலிருந்து கால் அங்குலத் தொலைவில் வைத்துச் செல்ஃப் அடிக்கச் செய்தோம். பொறி ஒன்றும் பாயவில்லை. ஆகவே பெட்ரோல் குற்றவாளி அன்று என்பது தெளிவாயிற்று.

எஞ்சியவை காயிலும் கண்டென்சரும். கண்டென்சர் புதியதுதான், ஆயினும் புதியது என்பதால் மட்டும் நல்லதாகிவிடாது. எனவே சாவியை அணைத்துவிட்டு, நன்றாகப் பிழிந்த ஈரத்துணியைக் காயிலின் உடலை மட்டும் சுற்றிப் போட்டோம். மூன்று நிமிடம் கழித்துத் துணியை எடுத்து, முனைகளை உலரத் துடைத்துத் திருகினோம். வண்டி கிளம்பிற்று! அரை மணி எடுக்கும் குணம் மூன்றே நிமிடத்தில் வந்ததால், இம்முறை பெயர் வாங்கியது காலம் அன்று. புதிய காயில் பொருத்தி, அதே நண்பகல் வெயிலில், அதே சாலையில் மூன்று முறை சென்று வந்தபின்னரே நிம்மதி அடைந்தோம்.

காயில் கெட்டதற்கு முதுமை மட்டும் காரணம் அன்று என்று தோன்றுகிறது. சந்தை வாசலில் வண்டியை நிறுத்தி, சாவியைப் போட்டபடி பிள்ளைகள் வானொலி கேட்பது நம் வீட்டு வழக்கம். இயந்திரம் ஓடாத நேரத்தில் பாயிண்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால், காயிலில் 4 ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் இடைவிடாது பாய்ந்து அதைச் சுட்டெரிக்கும். பட்டறைக்காரரைக் குறைகூறித் திரிந்த நாம், நம் விரலிலேயே குற்றம் இருந்ததைக் கண்டு நாணினோம்.

இருமி நிற்கும் வண்டி வைத்திருப்போர்க்கும் ஒரு சொல். நின்றதும் பெட்ரோல் டாங்கின் மூடியைத் திறந்து பாருங்கள். காற்று ‘உஸ்’ என்று உட்புகும் ஓசை கேட்டு, பின்பு வண்டி கிளம்பினால், மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. அடுத்து வடிகட்டியையும் டாங்கின் அடிக்கசட்டையும் கவனியுங்கள். இந்நாளில் பெட்ரோலில் எத்தனால் கலக்கப்படுவதால் பழைய ரப்பர்க் குழாய்கள் நலிவதுண்டு. அவற்றில் கசிவோ வெடிப்போ உள்ளதா என்று பார்த்து மாற்றிவிடுங்கள்.

எச்சரிக்கையும் கூறுவது நம் கடமை. பெட்ரோல் மணம் வீசும் இடத்தில் தீப்பொறிச் சோதனை கூடவே கூடாது. சூடான இயந்திரத்தின் மேல் பெட்ரோல் குழாயைக் கழற்றவும் வேண்டாம். அதை மெக்கானிக்கிடம் விடுங்கள். மின்னணு இக்னிஷன் உள்ள புதிய வண்டிகளில் இம்முறைகளைக் கையாள வேண்டாம். தண்டவாளத்தில் வண்டி நின்றால் முதலில் மனிதரை இறக்குங்கள், கேட் காவலரிடம் உடனே தெரிவியுங்கள், வண்டி பிறகு.

குறிப்பேடு இன்னும் நம் காரில் இருக்கிறது. புதிய காயில் போட்ட நாளுக்குப் பின் அதில் ஒரு வரியும் எழுத நேரவில்லை. அன்னையார் மட்டும் இன்றும் ரயில்வே கேட் வந்ததும் இறங்கி, நடந்தே கடந்து, அப்பால் வந்து ஏறிக்கொள்கிறார். அவரை வற்புறுத்த நமக்கு மனம் வரவில்லை.