குழந்தையின் தொண்டையும் தொழிலாளியின் மடியும்

“தோழர், பையனுக்குத் தொண்டையில் சதை வளர்ந்திருக்கிறதாம். உடனே ஆபரேஷன் செய்ய வேண்டுமாம். கையில் பணமில்லை. கம்மலை அடகு வைக்கலாமா?”

சங்க அலுவலகத்திற்கு வந்து இப்படிக் கேட்டார், நூற்பாலையில் வேலை செய்யும் ஒரு சகோதரி. பையனுக்கு வயது ஐந்து. அந்த வருஷம் இரண்டு தடவை தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தன. தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். நாள் குறித்துக் கொடுத்துவிட்டார்கள்.

அதே மாதம் ஒரு கிராமத்தில், விவசாயத் தொழிலாளி ஒருவரின் வீட்டில் இரவு தங்கினேன். அவருடைய ஆறு வயது மகள் வாயைத் திறந்தபடியே தூங்கினாள். பெரியவர்களைப் போலக் குறட்டை. திடீரென்று குறட்டை நிற்கும், மூச்சும் நிற்கும், பிறகு திணறிப் புரண்டு படுப்பாள். “எப்போதும் இப்படித்தான் தோழர். பள்ளிக்கூடத்திலும் தூங்கி வழிகிறாள் என்று வாத்தியார் திட்டுகிறார்” என்றார் தகப்பனார்.

இருவரையும் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றோம். பையனுக்கு ஆபரேஷன் வேண்டாம், சிறுமிக்குத்தான் வேண்டும் என்றார் டாக்டர்.

பார்த்தீர்களா விந்தையை! வேண்டாதவனுக்குக் கத்தி தயார், வேண்டியவளைக் கேட்பாரில்லை.

உள்நாக்கின் இரு பக்கமும் இருக்கும் சதை உருண்டைகள்தான் டான்சில். மூக்கின் பின்புறம் மறைவாக இருப்பது அடினாய்டு. இவை நோயல்ல, எல்லோருக்கும் உள்ளவை. உள்ளே வரும் கிருமிகளை எதிர்க்கும் காவற்காரர்கள். மூன்றிலிருந்து ஏழு வயதுக்குள் இவை பெருத்திருப்பது சகஜம். வயது ஏற ஏறச் சுருங்கும். சதை பெரிதாகத் தெரிகிறது என்பது மட்டுமே அறுப்பதற்குக் காரணமாகாது.

அமெரிக்காவில், நியூயார்க் நகரில் நடந்த ஓர் ஆய்வு 1934 இல் வெளிவந்தது. 1,000 பள்ளிக் குழந்தைகளில் 611 பேருக்கு ஏற்கெனவே டான்சிலை எடுத்துவிட்டிருந்தார்கள். மிச்சம் 389 பேரை டாக்டர்கள் பரிசோதித்து, 174 பேருக்கு ஆபரேஷன் தேவை என்றார்கள். தேவையில்லை என்று விட்ட 215 பேரை வேறு டாக்டர்களிடம் காட்டினார்கள். அவர்கள் 99 பேரைப் பொறுக்கினார்கள். எஞ்சிய 116 பேரை மூன்றாம் தடவை காட்டியபோது, 51 பேருக்குத் தேவை என்று முடிவாயிற்று! கடைசியில் தப்பியவர்கள் 65 பேர்தான். குழந்தைகளின் தொண்டையா ஒவ்வொரு தடவையும் மாறியது? இல்லை. பார்த்தவர்களில் பாதிப் பேரை அறுக்கச் சொல்லும் பழக்கம்தான் அங்கே பேசியது.

அப்படியானால் எப்போது ஆபரேஷன் தேவை? இன்று டாக்டர்கள் வைத்திருக்கும் கணக்கு இது: கடுமையான தொண்டை நோய் ஒரே வருஷத்தில் ஏழு தடவை, அல்லது இரண்டு வருஷம் தொடர்ந்து, வருஷத்துக்கு ஐந்து தடவை, அல்லது மூன்று வருஷம் தொடர்ந்து, வருஷத்துக்கு மூன்று தடவை. சாதாரணச் சளி இதில் சேராது. காய்ச்சல், கழுத்தில் நெறி கட்டுவது, டான்சிலில் சீழ் இவற்றை டாக்டர் பார்த்துக் குறித்திருக்க வேண்டும். இன்னொரு காரணம், தூக்கத்தில் மூச்சு அடைபடுவது. அந்தச் சிறுமிக்கு வந்தது இதுதான். இதைக் கவனியாமல் விட்டால் வளர்ச்சியும் படிப்பும் கெடும், இருதயமும் கெடலாம்.

காத்திருப்பது என்றால் சும்மா இருப்பதல்ல. சிலவகைத் தொண்டைக் கிருமியால் மூட்டுக் காய்ச்சல் வந்து, இருதய வால்வு பழுதாவதுண்டு. நெருக்கடியான குடிசைகளிலும் லயன் வீடுகளிலும் இது எளிதில் பரவும். ஆகவே டாக்டர் கொடுத்த மருந்தைக் காய்ச்சல் விட்டதும் நிறுத்தக்கூடாது; சொன்ன நாள் வரை கொடுக்க வேண்டும்.

ஆபரேஷன் நடந்தாலும் கவலை முடிவதில்லை. அன்றும் இரத்தம் கசியலாம். ஐந்து முதல் பத்து நாளுக்குள் பக்கு உதிரும்போதும் கசியலாம். இரத்தம் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பெற்றவர் ஒருவர் கூடவே இருந்தாக வேண்டும். அந்த நாட்களுக்குக் கூலி யார் கொடுப்பது? ஆலைத் தொழிலாளி தானே நோயில் படுத்தால் ஈ.எஸ்.ஐ.யில் பணம் உண்டு. பிள்ளைக்குக் காவல் இருந்தால் இல்லை. விவசாயத் தொழிலாளிக்கு இரண்டுமே இல்லை. அந்தத் தகப்பனார் பத்து நாள் கூலியை இழந்துதான் மகளுக்கு நல்ல மூச்சு வாங்கினார்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இரண்டு. தாலுகா ஆஸ்பத்திரிதோறும் காது மூக்கு தொண்டை டாக்டரும், மயக்க மருந்து டாக்டரும் வேண்டும். பிள்ளையின் படுக்கையருகே இருக்கும் தாய் தகப்பனுக்கு அந்த நாட்களின் கூலி வேண்டும்.

தோழர்களே, வீட்டில் நாம் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. இன்றிரவு பிள்ளை தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து அதன் மூச்சைக் கேளுங்கள். தொண்டை வலி வந்த தேதிகளை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். கம்மலை அடகுக் கடைக்கு எடுத்துப் போகும் முன்பு, அந்த நோட்டைச் சர்க்கார் டாக்டரிடம் எடுத்துப் போங்கள்.