சமாதானம் என்ற பெயரில் ஒரு சுவர்



ஆகஸ்டு 10-ஆம் நாளை நம் நாட்டுத் திருச்சபைகள் பலவும் கறுப்பு நாளாக அனுசரித்து வருகின்றன. 1950-ஆம் ஆண்டு அந்நாளில் குடியரசுத் தலைவர் பிறப்பித்த ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து சமயத்தைச் சாராத எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்று விதித்தது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் அந்த வாசல் திறக்கப்பட்டது. கிறிஸ்தவருக்கும் இஸ்லாமியருக்கும் இன்றுவரை அடைபட்டே கிடக்கிறது. இது அநீதி. இதற்கு எதிராக நாம் குரல் கொடுப்பது நியாயமே.

ஆனால் நம்முடைய மனுவில் என்ன எழுதிக் கொடுக்கிறோம் என்று ஒரு கணம் நிதானித்துப் பாருங்கள். "கிறிஸ்துவை ஏற்றுக்கொண்ட பின்னும் எங்கள் மக்கள்மேல் உள்ள சாதிக் கொடுமை நீங்கவில்லை" என்கிறோம். அந்தக் கொடுமையை இழைக்கிறவர்கள் யார்? ஊரார் இழைப்பது ஒரு பங்கு. மறுபங்கு நம்முடையது. அரசுக்கு விண்ணப்பமாகச் செல்லும் அந்தத் தாள், தேவசமுகத்தில் நமது பாவ அறிக்கையாகவும் வாசிக்கப்படுகிறது.

1985-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கைத் தீர்த்தது. செருப்புத் தைக்கும் தொழிலாளருக்கு அரசு இலவசமாகக் கடை வழங்கியபோது, கிறிஸ்தவர் என்ற ஒரே காரணத்தால் சென்னையில் ஒருவருக்கு அது மறுக்கப்பட்டது. அவர் நீதிமன்றம் சென்றார். மதம் மாறிய பின்னும் அந்தப் புதிய சமுதாயத்திலும் அதே இழிவு அதே கடுமையோடு தொடர்கிறது என்பதைக் காட்டப் போதிய ஆதாரம் முன்வைக்கப்படவில்லை என்று சொல்லி, அவர் மனுவை நீதிபதிகள் ஏற்கவில்லை. அன்பானவர்களே, ஆதாரம் இல்லாமலா போயிற்று? நம் கல்லறைத் தோட்டங்களில் அது கல்லும் சுண்ணாம்புமாக நின்றுகொண்டிருந்தது. திருச்சிராப்பள்ளியில் ஒரே விசுவாசத்தில் மரித்தவர்களைப் பிரிக்கக் கல்லறைத் தோட்டத்தின் நடுவே எழுப்பப்பட்ட சுவரைப் பற்றி நாடே பேசியது. அது வேறு சபையாருடையது என்று நாம் நிம்மதி அடைந்துவிட வேண்டாம். சுவர் எழுப்பாமலே எல்லை காக்கிற சபைகள் எத்தனை!

இது இன்று நேற்றுத் தோன்றிய நோய் அன்று. 1833-இல் கல்கத்தா பேராயர் தானியேல் வில்சன், சாதி வேறுபாடு திருச்சபையில் உடனடியாகவும் முற்றிலுமாகவும் ஒழியவேண்டும் என்று தென்னாட்டுச் சபைகளுக்குச் சுற்றுமடல் விடுத்தார். அப்போது தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சாதியை விடமாட்டாமல் சபையை விட்டார்கள். அவர்களையாவது வெளிப்படையானவர்கள் என்று சொல்லலாம். நாமோ இரண்டையும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறோம். நம் பத்திரிகைகளின் மணமக்கள் தேவைப் பகுதியை எடுத்துப் பாருங்கள். "இரட்சிக்கப்பட்ட, அபிஷேகம் பெற்ற" என்று தொடங்கும் வரி, சாதிப் பெயரில் போய் முடிகிறது. மறுபிறப்பு அடைந்தவர்கள் முதற்பிறப்பின் சான்றிதழைப் பத்திரமாக வைத்திருக்கிறோம்!

இதைப் பேசினால் எழும் மறுமொழிகளை நான் அறிவேன். "ஐயா, அது வெறும் சமூக வழக்கம், ஆராதனையில் எல்லாரும் ஒன்றாகத்தானே உட்காருகிறோம்?" என்பது ஒன்று. அந்தியோகியாவில் நடந்ததும் உணவு வழக்கந்தான். சீஷர்களுக்குக் கிறிஸ்தவர்கள் என்ற பெயர் முதன்முதல் வழங்கிய அந்த ஊரிலே, புறஜாதியாரோடு உண்டுவந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் அஞ்சி விலகிக்கொண்டார். உபதேசத்தில் அவர் ஒரு வார்த்தையையும் மாற்றவில்லை. பந்தியை விட்டு எழுந்தார், அவ்வளவே. ஆனாலும் பவுல் அதை வழக்கம் என்று விட்டுவிடவில்லை. சுவிசேஷத்தின் சத்தியமே அங்கே கோணலாயிற்று என்று கண்டு, எல்லாருக்கும் முன்பாக அவரைக் கடிந்துகொண்டார்.

"இதையெல்லாம் கிளறினால் சபையின் சமாதானம் கெட்டுவிடும்" என்பது மற்றொன்று. யாருடைய சமாதானம்? தன் தகப்பனின் உடலை எந்த ஓரத்தில் அடக்கம் செய்யவேண்டும் என்று பிறர் சொல்லக் கேட்டுத் தலைகுனிந்து நிற்கும் மகனுக்கு அதில் பங்குண்டா? காயத்தை மேலோட்டமாகக் கட்டிவிட்டுச் சமாதானம் என்று கூவிய ஆசாரியர்களை எரேமியா சபித்துப் பேசியது நம் போன்ற போதகர்களைக் குறித்துத்தான். எபேசியருக்கு எழுதிய நிருபத்தில் கிறிஸ்துவே நம் சமாதானம் என்று சொல்லும் பவுல், நடுவில் நின்ற சுவரை அவர் தகர்த்ததைச் சேர்த்தே சொல்லுகிறார். சுவரை நிறுத்திவைத்துக்கொண்டு சமாதானத்தை மட்டும் பெற்றுக்கொள்ள வழியில்லை.

பிறரைக் குற்றஞ்சாட்டும் இந்தக் கை சுத்தமானதன்று. முன்பு நான் ஊழியம் செய்த ஒரு கிராமத்தில், ஒரு மூதாட்டியை அடக்கம் செய்யச் சென்றேன். நிழல் தரும் வேப்பமரங்களின் பக்கம் இடம் நிறைய இருந்தது. குழியோ முட்புதர்களுக்கு அப்பால் வெட்டப்பட்டிருந்தது. காரணம் எனக்குத் தெரியும். கேட்கவில்லை. உயிர்த்தெழுதலின் நம்பிக்கையைப் பிழையில்லாமல் வாசித்துவிட்டு வீடு திரும்பினேன். அந்த அம்மையார் ஆலயத்தைப் பெருக்கிய நாற்பது ஆண்டுகளும் அந்த மௌனத்திற்கு முன் நின்று என்னை இன்றும் கேள்வி கேட்கின்றன.

ஆகவே உங்களிடம் மன்றாடுகிறேன். நம் கல்லறைத் தோட்டத்தில் இன்னாருக்கு இன்ன பக்கம் என்று எழுதாமல் நடந்துவரும் ஏற்பாட்டை, மரித்த வரிசைப்படியே அடக்கம் என்று மாற்றும்படி அடுத்த சபைக்குழுவில் கேட்கப்போகிறேன். சிலர் எதிர்ப்பார்கள். காணிக்கை குறையலாம். குறையட்டும். அன்றைக்கு நீங்கள் மௌனமாய் இராதபடிக்கு இப்போதே முன்னறிவிக்கிறேன். ஒரே அப்பத்தில் பங்குபெறுகிறவர்கள் ஒரே மண்ணில் பங்குபெறக் கூசினால், நாம் புசித்தது என்ன?

கர்த்தாவே, அரசிடம் நாங்கள் கேட்கும் நியாயத்தை எங்கள் வாசலிலே முதலில் நடப்பியும். ஆமென்.