சில மீட்டர் உயரம் போதும்

நீர்மின்சாரம் என்றதும் மலையுச்சியிலிருந்து குழாய்களில் பாயும் நீர்தான் நம் நினைவுக்கு வருகிறது. மேட்டூருக்குக் கீழே, செக்கானூர் தொடங்கி ஊராட்சிக்கோட்டை வரை காவிரியின் குறுக்கே நிற்கும் கதவணை மின்நிலையங்களை ஏனோ மறந்துவிடுகிறோம். ஒவ்வொன்றும் 30 மெகாவாட். நீர் இறங்கும் உயரமோ சில மீட்டர்தான். நொடிக்கு ஒரு கனமீட்டர் நீர் ஒரு மீட்டர் இறங்கினால் 10 கிலோவாட்கூடத் தேறாது. உயரத்தில் குறைவதை நீரின் அளவால்தான் ஈடுகட்ட வேண்டும். அவ்வளவு நீரையும் வளைத்துத் திருப்பாமல் அச்சின் போக்கிலேயே கடக்கவிடுகிறது அச்சுப்பாய்வு டர்பைன். பார்வைக்குக் கப்பலின் உந்துவிசிறிதான். குமிழ் வகையில் ஜெனரேட்டரே எஃகுக் கூட்டுக்குள், நீருக்கு நடுவே இருக்கும். என்னை மிகவும் வியக்கவைப்பது ஆஸ்திரியப் பொறியாளர் விக்டர் காப்லானின் யோசனை: சுழலும்போதே இதழ்களின் கோணத்தை மாற்றுவது. வரத்து குறைந்தாலும் திறன் பெரிதாகச் சரிவதில்லை. மின்சாரத்துக்கென ஒரு சொட்டும் செலவாகாமல், பாசனத்துக்குப் போகும் அதே நீர் அணைக்கு அணை மறுபடி உழைக்கிறது. புதிய அணைகளைப் பற்றிப் பேசுமுன், இந்தக் கதவணைகளின் இதழ்களையும் தாங்கிகளையும் பழுதின்றிப் பராமரிக்க முதலில் பணம் ஒதுக்குங்கள்.