நோயாளி என்பதால் வாக்காளர் இல்லையா?

காலனியில் வீட்டைப் பூட்டிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போன குடும்பத்தை, வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வரும் அலுவலர் எப்படிக் குறித்துக்கொள்வார்? ‘முகவரியில் இல்லை’ என்றுதான். கட்டிலில் கிடப்பவர் ஒருவர், துணைக்கு இருப்பவர் ஒருவர். ஒரு நோய், இரண்டு வாக்குகளுக்கு ஆபத்து.

இது வீண் பயம் அல்ல. 2025 நவம்பர் 4 அன்று தமிழ்நாட்டில் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. டிசம்பரில் வந்த வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தவர்களும் இரட்டைப் பதிவுகளும் அதில் உண்டு. ஆனால் பெரும்பகுதி ‘இடம்பெயர்ந்தவர், முகவரியில் இல்லாதவர்’ என்ற கணக்கில் போனவை. அந்தக் கணக்கில் மருத்துவமனையில் கிடந்தவருக்கென்று தனி வகை கிடையாது.

இதில் அதிகம் அடிபடுவது யார்? தனியார் மருத்துவமனை வாசலை மிதிக்க வழியில்லாத கூலித் தொழிலாளர்கள். காசநோய்க்கு மாதக்கணக்கில் மருந்து சாப்பிடுபவர்கள். வாரம் இரண்டு மூன்று முறை டயாலிசிஸ் செய்ய வேண்டியிருப்பதால் நகரத்தில் உறவினர் வீட்டில் தங்கியிருப்பவர்கள். தலித் மக்கள் இவர்களில் பெருந்தொகையினர்.

சட்டம் நோயாளிக்கு எதிரானது அல்ல. 1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், தற்காலிகமாக வெளியே இருப்பதால் ஒருவர் தன் ஊரின் குடியிருப்பாளர் என்ற நிலையை இழப்பதில்லை என்கிறது. மனநலம் குன்றியவர் என்று தகுதியுள்ள நீதிமன்றம் அறிவித்தால் மட்டுமே அந்தக் காரணத்துக்காகப் பெயரை மறுக்க முடியும். மருத்துவச் சீட்டோ, ஊரார் வைத்த பட்டப்பெயரோ போதாது.

இதை நடத்திக் காட்டிய இடம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. 2019 மக்களவைத் தேர்தலில் சென்னைக் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தில் சிகிச்சையில் இருந்த 150-க்கும் மேற்பட்டோர், வளாகத்துக்குள் அமைத்த வாக்குச்சாவடியில் வாக்களித்தார்கள். குடும்பமே மறந்துபோனவர்களும் இருக்கும் இடம் அது. அங்கே முடிந்தது, மாவட்டத் தலைமை மருத்துவமனையில் ஏன் முடியாது?

நாம் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் அல்ல. பட்டியல் திருத்தம் நடக்கும் நாட்களில், புறநோயாளிகள் சீட்டு வாங்கும் இடத்துக்கு அருகில் ஒரு மேசை, ஒரு அலுவலர். புதிதாகச் சேர படிவம் 6. முகவரி மாற்ற, பிழை திருத்த படிவம் 8. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு நிரப்பித் தர ஒரு ஆள். இதற்கு மாவட்ட ஆட்சியரின் உத்தரவு ஒன்று போதும்.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். மேசைக்கும் மருந்துக்கும் சம்பந்தம் இருக்கக் கூடாது. படிவம் கொடுத்தால்தான் மாத்திரை என்ற நிலை வந்துவிடக் கூடாது. வேண்டாம் என்பவரை வற்புறுத்தக் கூடாது. கட்சிக்காரர்கள் வார்டுக்குள் நுழையவே கூடாது.

பதிவோடு வேலை முடிவதில்லை. 85 வயதைக் கடந்தவர்களும், 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனம் உள்ள மாற்றுத்திறனாளிகளும் படிவம் 12டி கொடுத்து வீட்டிலிருந்தே வாக்களிக்கலாம். மருத்துவமனையில் படுத்திருக்கும் மற்றவர்களுக்கு அந்த வசதி இல்லை. அதையும் தேர்தல் ஆணையத்திடம் கேட்க வேண்டும்.

மாணவர்களே, 17 வயது முடிந்ததும் நீங்கள் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். உங்கள் படிவத்தை நிரப்பும்போது தெருவில் யார் மருத்துவமனையில் இருக்கிறார் என்று விசாரியுங்கள். பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் 1950 என்ற எண்ணுக்கு அழையுங்கள். வாக்குச்சாவடி நிலை அலுவலரைப் போய்ப் பாருங்கள்.

சொத்தும் வரியும் இருந்தால்தான் வாக்கு என்றிருந்த காலத்தில், 1919-இல் சவுத்பரோ குழுவின் முன் தீண்டப்படாத மக்களின் வாக்குரிமைக்காகச் சாட்சியம் சொன்னவர் அம்பேத்கர். சொத்தில்லாதவனுக்கு வாக்கில்லை என்ற விதி போய்விட்டது. உடம்புக்கு முடியாதவனுக்கு வாக்கில்லை என்பது எந்தச் சட்டத்திலும் இல்லை. நடைமுறையிலும் அது இருக்க நாம் விடக் கூடாது.