பிளக் மாற்றும்போது ஸ்பானருக்கு முன் கை!

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக் கோட்டைக்கு பைக்கில் வந்து இறங்கினால் இன்ஜின் கொதிக்கும். அந்தச் சூட்டில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றாதீர்கள். கை சுடுவது ஒருபுறம், அலுமினிய ஹெட்டில் உள்ள மரையும் கெட்டுவிடலாம். பிளக் விலையைவிட மரையைச் சரிசெய்யப் பல மடங்கு செலவாகும்.

வண்டி நன்றாக ஆறியதும், பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்துவிட்டுக் கழற்றுங்கள். நுனி இளம்பழுப்பாக இருந்தால் இன்ஜின் நலம். கரி படிந்திருந்தால் ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம். வெளுத்திருந்தால் சூடு அதிகம், மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

புதிய பிளக்கை முதலில் கையாலேயே திருகுங்கள். முரண்டு பிடித்தால் எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள். அடிவரை உட்கார்ந்த பிறகு, ஸ்பானரால் சுமார் அரைச் சுற்று போதும். பல்சர் டிடிஎஸ்-ஐ போல இரண்டு பிளக் உள்ள வண்டியா? இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.