சிச்சுவான் மிளகின் முள்: மரபணுவைத் தொட்டால் பறிப்பவர் கை தப்புமா?

நம்ம ஊர் ஓட்டல்களில் கிடைக்கும் 'ஷெஸ்வான் ஃப்ரைடு ரைஸ்' பெயருக்குக் காரணம் சீனாவின் சிச்சுவான் மாகாணம். ஆனால், அந்த மாகாணத்தின் அடையாளமான மசாலா அதில் பெரும்பாலும் இருக்காது. நாக்கை மரத்துப்போக வைக்கும் சிச்சுவான் மிளகுதான் அந்த மசாலா. பெயரில் மிளகு இருந்தாலும் இது எலுமிச்சையின் உறவு. காய்ந்த பழத்தின் தோல்தான் சமையலுக்கு. விதையைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

முள்ளுக்கு நடுவே அறுவடை

தண்டிலும் கிளையிலும் முள் நிறைந்த மரம் இது. அறுவடையோ பெரும்பாலும் கையால்தான். பழத்தோலில் உள்ள எண்ணெய்ப் பைகள் நசுங்கினால் நிறமும் மணமும் கெட்டுவிடும். அதனால் அழுத்தாமல் கொத்துக் கொத்தாகக் கிள்ளி எடுக்கணும். தடித்த கையுறை போட்டால் கிள்ள வராது. போடாவிட்டால் கை கிழியும்.

முள்ளை முளைக்க வைப்பது எது?

முள்ளில் இரண்டு ரகம். எலுமிச்சையின் முள், உருமாறிய கிளை. ரோஜா, கத்தரியின் முள் செடியின் மேல்தோல் பகுதியிலிருந்து கிளம்புவது. சிச்சுவான் மிளகின் முள்ளையும் ஆய்வாளர்கள் இந்த இரண்டாவது ரகத்தில்தான் சேர்க்கிறார்கள்.

இந்த ரகம் பற்றி 2024-ல் 'சயின்ஸ்' இதழில் ஒரு முக்கியமான ஆய்வு வந்தது. 'சைட்டோகைனின்' என்பது செல்களைப் பெருகச் சொல்லும் தாவர ஹார்மோன். அதைச் செயல்பட வைக்கும் 'லாக்' குடும்ப மரபணு ஒன்று பழுதானதால்தான் பல கத்தரி இனச் செடிகள் முள்ளை இழந்தன என்று அது காட்டியது. ரோஜாவில் அதே குடும்ப மரபணுவை அடக்கியபோதும் முள் குறைந்தது. சிச்சுவான் மிளகிலும் முள்ளின் மரபணுவைத் தேடுபவர்களுக்கு இது நல்ல முகவரி.

ஒட்டுச்சேர்க்கை போதாதா?

முள்ளில்லாத ரகங்கள் சீனாவில் ஏற்கெனவே உண்டு. அந்தக் குணத்தை இன்னொரு நல்ல ரகத்துக்குக் கொண்டுபோவதுதான் சிரமம். இந்த மரம் மகரந்தச் சேர்க்கை இல்லாமலே விதை உண்டாக்கும். கன்று அச்சு அசலாகத் தாயைப் போலவே இருக்கும். இரண்டு மரங்களைக் கலந்து புது ரகம் எடுப்பது அவ்வளவு சுலபமில்லை. மரபணுத் திருத்தத்துக்கான நியாயம் இங்கேதான் இருக்கிறது.

'இயற்கை கொடுத்த முள்ளை ஏன் எடுக்கணும்?' என்று கேட்கலாம். மேய வரும் விலங்குகளிடமிருந்து தப்பிக்கத்தான் காட்டுச் செடிக்கு முள். தோட்டத்து மரத்துக்குக் காவலாக விவசாயி இருக்கிறார். கத்தரியில் முள் குறைந்த செடிகளை மனிதர்கள் எப்போதோ தேர்ந்தெடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அதற்காக எல்லா முள்ளும் போக வேண்டும் என்பதில்லை. வேலூர் இலவம்பாடி கத்தரிக்கு முள்தான் பெருமை. 2023-ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. முள் வேண்டுமா, வேண்டாமா என்பதைப் பயிரிடுபவரும் பறிப்பவரும் சொல்லட்டும்.

முள்ளில்லாத மரத்திலும் அதே மணமும் அதே மரமரப்பும் இருக்கிறதா என்று தோட்டத்தில் வளர்த்துப் பார்த்த பிறகே கன்றுகளைக் கொடுக்க வேண்டும். விலை சிறு விவசாயிக்குக் கட்டுப்படியாகணும். பறிக்கும் வேகம் கூடுகிறது என்று கூலியைக் குறைக்கவும் கூடாது. முள் போன லாபத்தில் முதல் பங்கு, இத்தனை நாள் அதில் கிழிந்த கைக்குத்தான் சேர வேண்டும்.