கதவைச் சாத்தினாலும் கேட்கும்

நாலாம் வகுப்பு படிக்கிற பையன். மூன்று மாதமாக வயிற்று வலி. ஸ்கேன் எடுத்தாச்சு, பூச்சி மருந்து கொடுத்தாச்சு. ஒன்றுமில்லை. "ஸ்கூலுக்குப் போகப் பயந்துக்கிட்டு நடிக்கிறான் மேடம்" என்றார் அப்பா.

வலி வரும் நாட்களை காலண்டரில் குறித்து வரச் சொன்னேன். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், வட்டம் போட்டதெல்லாம் சனி, ஞாயிறு. ஒரு புதன்கிழமையும் இருந்தது. அன்று அரசு விடுமுறை. அதாவது, அப்பாவும் அம்மாவும் சேர்ந்து வீட்டில் இருக்கும் நாட்கள்.

அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. "நாங்க அவன் முன்னாடி சண்டையே போட மாட்டோம் மேடம். ரூமுக்குள்ள போய் கதவைச் சாத்திக்கிட்டுதான் பேசுவோம்."

இரண்டு அறை ஃபிளாட்டில் கதவு எதைத் தடுக்கும்? அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆறு மாதம் முதல் ஒரு வயது வரையுள்ள 20 குழந்தைகள். தூங்கும்போதே ஸ்கேன் செய்து, காதில் கோபக் குரலை ஒலிக்கவிட்டார்கள். பெற்றோர் அதிகம் சண்டையிடும் வீட்டுக் குழந்தைகளின் மூளையில், மன அழுத்தத்தைக் கையாளும் பகுதிகள் கூடுதலாகச் செயல்பட்டன. 20 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனாலும், 'பச்சைப் பிள்ளை, அதுக்கு என்ன தெரியும்' என்று சொல்வதற்கு முன் யோசிக்க வைக்கிறது.

பையனிடம் தனியாகப் பேசினேன். "சத்தம் வந்தா டி.வி. வால்யூமைக் கூட்டிடுவேன். வயிறு வலிக்குதுன்னு சொன்னா ரெண்டு பேரும் வெளிய வந்துடுவாங்க." நடிப்பெல்லாம் இல்லை, வலி நிஜம். வலி வந்தால் சண்டை நிற்கும் என்று உடம்பு கற்றுக்கொண்டுவிட்டது, அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழித்து அவனே கேட்டான்: "என் ஃபீஸுக்காகத்தான் சண்டை போடுறாங்க. நான் வேற ஸ்கூலுக்குப் போயிட்டா சரியாயிடுமா ஆன்ட்டி?"

இந்த வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் இப்படித்தான் கணக்குப் போடுவார்கள். வீட்டில் என்ன கெட்டது நடந்தாலும் காரணம் நான்தான்.

முன்பெல்லாம் சத்தம் கேட்டால் பாட்டி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவார். (பல வீடுகளில் சண்டையே பாட்டியால்தான் என்பது வேறு கதை.) இப்போது அந்த ஆளும் இல்லை. பேசாமல் இருந்துவிடலாம் என்றால், அதைவிட மோசம். "உங்கப்பாகிட்ட சொல்லு, சாப்பாடு எடுத்து வச்சாச்சுன்னு" என்று பிள்ளையைத் தூது அனுப்பும் வீடுகள் எத்தனை!

சண்டையே இல்லாத வீடு கிடையாது. இதையே பல ஆண்டுகள் ஆராய்ந்த உளவியலாளர் மார்க் கம்மிங்ஸ் கண்டறிந்தது, சண்டை தீர்ந்துவிட்டது என்று தெரிந்தால் குழந்தையின் பதற்றம் குறைகிறது என்பதுதான். நாம் சண்டையைக் கூடத்தில் போடுகிறோம், சமாதானத்தை மட்டும் ரகசியமாக வைத்துக்கொள்கிறோம்.

கை நீட்டும் வீடுகளுக்கு இதெல்லாம் பொருந்தாது. அங்கே முதலில் பாதுகாப்புதான். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098.

இவர்களிடம் ஒன்றுதான் சொன்னேன். இருவரும் சேர்ந்து உட்கார்ந்து, 'ஃபீஸ் எங்க கவலை, உன்னால சண்டை இல்ல' என்று அவனிடம் சொல்லுங்கள். சொல்லியிருக்கிறார்கள். அடுத்த முறை காலண்டரில் இரண்டே வட்டங்கள்.

"நான் அவன்கிட்ட சாரி கேட்டேன் மேடம்" என்றார் அப்பா. "அதுக்கு அவன், 'அம்மாகிட்ட கேட்டீங்களா?'ன்னு கேக்கிறான்."

அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் இருவரையும் மட்டும் வரச் சொல்லியிருக்கிறேன்.